ஒரே ஒரு தடவை கூப்பிட்டால்

கல்பனா கயிற்றைச் சுருட்டி வைக்கும் விதத்தைப் பார்த்தாலே அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிடலாம். கட்டைவிரலுக்கும் முழங்கைக்குமாகச் சுற்றி, கடைசி முழத்தால் நடுவில் இறுக்கிக் கட்டி, ஆணியில் மாட்டுவாள். ஈரமாக இருந்தால் மாட்ட மாட்டாள். மழை நாளில் கயிறு காயும்வரை வீட்டில் ஒருவரும் அடுப்புப் பக்கம் போக முடியாது. கயிறுதான் அங்கே கால் நீட்டிப் படுத்திருக்கும்.

ஜவ்வாது மலையில் நெல்லிமேடு என்ற ஊர் அவளுடையது. அப்பா ஒரு காலத்தில் உடம்பு முடியாமல் கீழே மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து ஊர் திரும்பியவர். மகள் படிக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே அவளை மலைக்குக் கீழே ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார். விடுதியில் பெயர் கூப்பிட்டால் அந்தக் குரல் அடங்குவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை கூப்பிட வைத்தால் அன்றைக்கு வாசலில் நிற்க வேண்டியதுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஊருக்கு வந்து, தையல் மிஷின் போட்டுப் பிழைக்கத் தொடங்கிய பிறகும், கூப்பிட்டால் விலுக்கென்று எழுந்து நிற்கும் பழக்கம் அவளை விடவில்லை.

நெல்லிமேட்டுச் சபையில் விளக்குத்தண்டு இளைஞர் மன்றம் தொடங்கியபோது பாஸ்டர் அவளைத்தான் ஏலகிரிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே கற்றதை ஒன்று விடாமல் கொண்டுவந்து சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவிழாத முடிச்சு, ஈர விறகில் நெருப்பு, முறிந்த காலுக்குக் குச்சி வைத்துக் கட்டுவது, இரண்டு கம்பும் ஒரு புடவையும் கிடைத்தால் டோலி கட்டித் தூக்குவது. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைக் குழுவாக நடத்திப் போக வேண்டும். மழை அரித்த பாதைக்குக் கல் போடுவதும், நடக்க முடியாதவர்களுக்கு ரேஷன் அரிசி தூக்கி வருவதும் மன்றத்தின் வேலை. பச்சை நிறத்தில் கழுத்துத் துணி ஒன்று உண்டு. எல்லாவற்றையும் அவளே தைத்தாள். தைத்த ஓரம் உள்ளே மடிந்திருக்கும், ஒரு நூல் வெளியே நீட்டாது.

அவளுடைய அண்ணன் ராஜ்குமார் எட்டாவதோடு நின்றவன். ஜமுனாமரத்தூருக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறான். ஏறுகிறவர்களிடம் தங்கையைப் பற்றிப் பேசாமல் அவனால் முதல் வளைவைத் தாண்ட முடியாது.

"என் தங்கச்சி போட்ட முடிச்ச ஜீப்பு கட்டி இழுத்தாலும் அவுறாது."

"அப்ப எப்டிப்பா அவுக்கறது?"

"அதுக்கு ஒரு முனை வெச்சிருக்கும். அது எதுன்னு அதுக்குத்தான் தெரியும்."

மன்றத்துக்கு வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் சபைப் பிள்ளைகள் இல்லை. அதில்தான் கல்பனாவுக்குப் பெருமையும், பயமும். வீடு வீடாகப் போய்க் கேட்டு அழைத்து வந்த பிள்ளைகள் அவர்கள். சின்னக்குழந்தையின் வீட்டுக்கு மட்டும் பலமுறை நடந்திருக்கிறாள். சின்னக்குழந்தையின் புருஷன் கேரளத்தில் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்கிறான். ஒரே மகள் பாஞ்சாலி. பாரதக் கூத்து நடந்த வருஷம் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்பதால் அந்தப் பெயர்.

"அனுப்பறேன்," என்றாள் சின்னக்குழந்தை கடைசியில், முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டே. "ஆனா பேர மாத்தக் கூடாது. பூ வெக்காதன்னு சொல்லக் கூடாது. எங்க வூட்டு வழக்கம் எதுலயும் கை வெக்கக் கூடாது. இன்னா சொல்ற?"

"வெக்க மாட்டேங்க்கா. கயிறும் கட்டும்தான் சொல்லித் தருவேன்."

"போறப்ப எப்டி இருக்காளோ வர்றப்பவும் அப்டியே வரணும்."

"என் பொறுப்புக்கா."

பாஞ்சாலியின் பெரியப்பா கருப்பன் வாசலில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார். "மலையில பொறந்த கொயந்தைக்கு மலைய சொல்லித் தர்றாங்களாம். டீச்சரம்மா, மீனுக்கு நீச்சல் எப்பம்மா?"

"மீனுக்குக் கால் ஒடஞ்சா கட்டத் தெரியுமா மாமா?"

கருப்பனே சிரித்துவிட்டார். அப்படித்தான் பாஞ்சாலி வந்தாள். பத்து வயது. கழுத்துத் துணியை வீட்டுக்குப் போனாலும் கழற்ற மாட்டாள் என்று சின்னக்குழந்தை குறைப்படுவாள்.

அந்தச் சனிக்கிழமை மழை விட்டு வெளுத்திருந்தது. ஊருக்கு மேலே சுனைக்குப் போகும் பாதையை உண்ணிச்செடி மூடிவிட்டிருந்தது. அதை வெட்டிப் பாதை திறப்பது அன்றைய வேலை. பிறகு, கல்லால் போட்ட அம்புக்குறிகளைப் பார்த்து ஒவ்வொரு குழுவும் சுனையிலிருந்து மொட்டைப் பாறைக்கு வர வேண்டும். குழுத் தலைவர்களிடம் மட்டும் விசில் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுத்துப் பார்த்து, ஊரே காதைப் பொத்திக்கொண்டதால் திரும்ப வாங்கி வைத்திருந்தாள்.

பாறையில் சோற்றுப் பொட்டலம் பிரிக்கும்போது அம்சவல்லியின் குழுவில் ஒரு கழுத்துத் துணி குறைந்தது. அம்சவல்லி பதினொன்றாம் வகுப்புப் பெண், நல்ல பொறுப்பானவள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"பாஞ்சாலி எனக்குப் பின்னாலதான் வந்தாக்கா. செருப்பு வாரு கயண்டு போச்சுன்னா. மாட்டிக்கினு வர்றேன்னா. நான் திரும்பிப் பாத்தேன், நெசமா பாத்தேன்."

"அழாத. மத்த பிள்ளைங்கள இங்கியே உக்கார வை. ஒருத்தரும் எழக் கூடாது. சின்னதுங்க கையப் புடிச்சிக்கோ."

ஒரு பையனை ஊருக்கு ஓட அனுப்பிவிட்டு, பெரிய பிள்ளைகளோடு கல்பனா வந்த வழியே திரும்பினாள். சுனைக்குச் சற்று மேலே, உண்ணிச்செடி முள்ளில் பச்சைக் கழுத்துத் துணி தொங்கியது. அதைத் தாண்டி நிலம் ஓடைப் பள்ளத்துக்குச் சரிந்தது. பள்ளம் முழுக்க மூங்கில். கீழே எதுவும் தெரியவில்லை. தெரிந்த கொஞ்சத்தையும் மேலிருந்து இறங்கிய மூடுபனி மறைத்துக்கொண்டு வந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பயிற்சியில் இதற்கென்றே ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். கையெட்டும் தூரத்தில் வரிசையாக நில். ஒருவர் மட்டும், ஒரு தடவை மட்டும் கூப்பிடு. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேள். பதில் இல்லாவிட்டால் நகர். எல்லோரும் சேர்ந்து கத்தினால், அடிபட்டுக் கிடக்கும் பிள்ளையின் மெல்லிய குரல் உங்கள் சத்தத்திலேயே அமுங்கிப்போகும். நல்ல முறைதான் அது. அவளே பிள்ளைகளுக்குப் பழக்கியும் இருந்தாள்.

"பாஞ்சாலீ…"

காது கூர்ந்தார்கள். இலையிலிருந்து நீர் சொட்டியது. நகர்ந்தார்கள்.

உச்சி வெயில் சாய்ந்தபோது ஊர் மேலே ஏறி வந்தது. சாமை அறுத்துக்கொண்டிருந்த கோலத்திலேயே சின்னக்குழந்தை ஓடிவந்தாள். இடுப்பில் அரிவாள் அப்படியே இருந்தது. கத்தியபடியே ஏறி வந்ததில் தொண்டை கட்டி, வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கல்பனாவின் கையிலிருந்த கழுத்துத் துணியைப் பார்த்தாள். பிடுங்கிக்கொண்டாள்.

"எங்க?" என்று உதடு மட்டும் அசைந்தது.

கல்பனாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் கூவ ஆரம்பித்தார்கள். நாலு திசையிலும் பாஞ்சாலி, பாஞ்சாலி என்று காடே இரைந்தது. கல்பனா ஒரு கல்லின் மேல் ஏறிக் கத்தினாள். "ஒண்ணாக் கத்தாதீங்க! கொயந்த பேசினா காதுல வுயாது. ஒருத்தர் ஒரு தபா கூப்டுங்க, அப்பறம் கம்முனு இருங்க!"

"இவ சொல்லணுமா நமக்கு?" என்றார் கருப்பன். குரலில் கேலி இல்லை இப்போது. "போன வாரம் மேல்காட்டுல கரடி காலடி பாத்தேன். இங்க நின்னு ஒண்ணு ரெண்டு எண்ணிக்கினு இருக்கச் சொல்றியா? வாங்கடா, மேல போவோம்."

ஆண்கள் பாதிப் பேர் அவர் பின்னால் மேல்காட்டுக்குப் போனார்கள். சின்னக்குழந்தையும் போனாள். ஓடைப் பள்ளம் கல்பனாவின் பங்குக்கு வந்தது. ஜீப்பைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு ஓடிவந்திருந்த ராஜ்குமார் அவளோடு நின்றான். தங்கை சொன்னால் அவனுக்கு மறுபேச்சு இல்லை. அவனும் வரிசையில் நின்று, ஒரு தடவை கூப்பிட்டு, மூச்சைப் பிடித்து, நகர்ந்தான்.

பள்ளத்தின் மேற்கரை ஓரமாக ஒருமுறை போனார்கள். கீழே ஓடையில் இறங்கி, அதே வழியாகத் திரும்பினார்கள். பதில் இல்லை. மேல்காட்டில் பாஞ்சாலி, பாஞ்சாலி, பாஞ்சாலி என்று அடுத்தடுத்துக் குரல் கேட்கும்போதெல்லாம் கல்பனாவுக்கு எரிச்சல் வந்தது. சொன்னதைக் கேட்கவே மாட்டார்களா இந்த ஜனங்கள் என்று பல்லைக் கடித்தாள். பிறகு அந்த எரிச்சலும் போய்விட்டது. போறப்ப எப்டி இருக்காளோ அப்டியே வரணும். என் பொறுப்பு என்று அவள் வாயால் சொன்ன பதில் அவளுக்கே திரும்பத் திரும்பக் கேட்டது. ஜெபம் செய்யப் பார்த்தாள். கர்த்தாவே என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை.

பனி அடர்ந்து, பக்கத்து ஆள் மறைந்தான். வரிசை உடைந்துவிட்டதோ என்று பயந்து அவள் கூப்பிட்டாள். "அண்ணா!"

பதில் இல்லை.

முன்னால் கையை நீட்டிக்கொண்டு நாலடி வைத்தாள். ராஜ்குமார் ஒரு மூங்கில் புதருக்கு இந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், சும்மா நின்றுகொண்டிருந்தான்.

"கூப்டேனே! காதுல வுயலியா?"

"வுந்துச்சு."

"அப்பறம் ஏண்ணா பதில் சொல்லல?"

"ஒரு தபாதான கூப்ட?" என்றான் அவன், இதென்ன கேள்வி என்பதுபோல. "காட்டுல ஒரு தபா கூப்டா யாரு வாயத் தொறப்பா? தெரிஞ்சவங்க குரல்ல அதுதான் கூப்டும்னு அம்மா சொல்லி சொல்லியே வளத்துச்சு. மூணாவது தபா கூப்ட்டாத்தான் மனுசன்…"

பேசிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

மலையில் எல்லா வீட்டிலும் பிள்ளைகள் அப்படித்தான் வளர்கிறார்கள். காட்டுக்குள் பெயர் சொல்லி அழைக்கும் குரலுக்கு முதல் தடவையும் இரண்டாவது தடவையும் வாய் திறக்கக் கூடாது. பேய்க்கு மூன்றாம் தடவை கூப்பிட வராது. விறகுக்குப் போகும் பெண்களும் மாடு மேய்க்கும் ஆட்களும் அதனால்தான் எப்போதும் மூன்று தடவை கூவுகிறார்கள். யோசித்துச் செய்வதில்லை. மூச்சு விடுவதுபோல அது. விடுதியில் வளர்ந்த கல்பனாவுக்கு மட்டும் அந்த மூச்சு பழகவில்லை. தங்கையின் பயிற்சியில் இருந்த நம்பிக்கையில் ராஜ்குமாரும் வந்ததிலிருந்து ஊர் வழக்கத்தை மறந்து ஒற்றைக் குரலில் கூப்பிட்டிருந்தான்.

கல்பனா வந்த வழியே திரும்பி ஓடினாள். வழுக்கி விழுந்து எழுந்தாள். கழுத்துத் துணி தொங்கிய இடத்துக்கு நேர் கீழே, ஏற்கெனவே இரண்டு முறை கடந்துபோன மூங்கில் கூட்டத்தின் முன்னால் நின்று, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"பாஞ்சாலீ…"

காத்திருந்தாள்.

"பாஞ்சாலீ…"

நீர் சொட்டும் சத்தம்.

"பாஞ்சாலீ!"

"அக்கா," என்றது ஒரு குரல். காலடியில் இருந்து வந்ததுபோல அவ்வளவு பக்கத்தில்.

சரிவில் பாறை ஒன்று முன்னால் துருத்தியிருந்தது. அதன் அடியில், காய்ந்த மூங்கில் சருகுக்குள் பிள்ளை ஒடுங்கிக் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. இடது கால் முட்டிக்குக் கீழே பார்க்கக் கூடாத விதத்தில் திரும்பியிருந்தது. அப்பா கேரளத்திலிருந்து வாங்கி அனுப்பிய புதுச் செருப்பில் ஒன்றை மார்போடு பிடித்திருந்தாள்.

"ஏண்டி, நாங்க கூப்டது கேக்கலியா?"

"கேட்டுச்சு. நீங்க போனீங்க, வந்தீங்க. எல்லாம் கேட்டுச்சு. ஊரே ஒண்ணா கத்துனப்ப எது யாரு குரல்னே தெரியல." பல் கிட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. "நீங்க ஒரு தபாதான் கூப்டீங்க. இன்னொரு தபா கூப்டுவீங்க, அப்பறம் இன்னொரு தபா கூப்டுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். போய்ட்டீங்க."

"நகந்து வெளிய வந்திருக்கலாமே…"

"நீங்கதான சொன்னீங்க, தொலஞ்சா எடத்த வுட்டு அசையக் கூடாதுன்னு."

மன்றம் சொன்னதையும் கேட்டு, அம்மா சொன்னதையும் கேட்டு, இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை அசையாமல், வாய் திறக்காமல் கிடந்திருக்கிறாள். நல்ல பிள்ளையாக இருந்ததுதான் அவள் செய்த தப்பு.

மூங்கில் வெட்டி, காலுக்கு இருபுறமும் வைத்துக் கட்டினாள். முடிச்சு ஒன்றும் நெகிழவில்லை. ராஜ்குமார் மேல்காட்டைப் பார்த்துக் கூவினான், மூன்று தடவை. சின்னக்குழந்தை விழுந்தடித்து இறங்கி வந்து மகளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் புடவையை உருவிக் கல்பனாவிடம் நீட்டிவிட்டு, யாரோ கொடுத்த துண்டைப் போர்த்திக்கொண்டாள். அந்தப் புடவையில்தான் டோலி கட்டினார்கள். முன்கம்பைக் கருப்பன் தோளில் வாங்கிக்கொண்டார். இருட்டு விழுவதற்குள் ஜீப் நின்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

கீழே ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்துப் பார்த்த டாக்டர், யார் கட்டியது என்று கேட்டார். ராஜ்குமார் உடனே, "என் தங்கச்சி சார்," என்றான். சொன்ன பிறகுதான் பக்கத்தில் சின்னக்குழந்தை நிற்பது அவனுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

ஊர்ப் பஞ்சாயத்து அந்த வாரமே நடந்தது. ஊரின் தலைவரான ஊர்க்கவுண்டர் வீட்டு முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். போகும் வழியில் பாஸ்டர் கல்பனாவை நிறுத்தினார். அவர் வேலூர்க்காரர், நல்ல மனிதர், அவளுக்காக உண்மையிலேயே கவலைப்பட்டார்.

"நடந்தத சொல்லிடும்மா. புள்ள பதில் சொல்லாததுக்கு அந்தப் பேய் நம்பிக்கதான காரணம்? நீ ரெண்டு தடவ பக்கத்துல போயிருக்க. உன் மேல தப்பில்லன்னு தெரிஞ்சிடும்."

"சொன்னா அவங்க அம்மா மேல பழி வுயுங்க ஐயா."

"உண்மைதானேம்மா?"

"வழக்கத்துல கை வெக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்தேங்க. அவங்க வழக்கம் எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நாந்தான் கூப்டத் தெரியாமக் கூப்டேன்."

பாஸ்டர் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார். சரி என்று சொல்லவில்லை.

பேச்சில் அதிகம் பேசியது கருப்பன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கல்பனாவுக்கு.

"கொயந்தையக் கண்டுபுடிச்சது நீதான். இல்லேன்னு சொல்லல. தொலச்சதும் நீதான். இன்னா சொல்ற?"

"ஆமா மாமா."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லியா?"

"இல்ல."

சின்னக்குழந்தை கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். ஆஸ்பத்திரியில் மகள் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தாள் என்பது கல்பனாவுக்குத் தெரியும். ஒரு கணம் இருவர் பார்வைகளும் சந்தித்தன. சின்னக்குழந்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சபையைச் சேராத வீட்டுப் பிள்ளைகளை இனி மன்றம் காட்டுக்குள் அழைத்துப் போகக் கூடாது என்று முடிவானது. அடுத்த சனிக்கிழமைக்குள் கழுத்துத் துணிகள் திரும்ப வந்தன. சிலர் துவைத்து மடித்துக் கொடுத்தார்கள். சிலர் வேலிமேல் போட்டுவிட்டுப் போனார்கள். எல்லாவற்றையும் கல்பனா மறுபடி துவைத்து, மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்தாள். சின்னக்குழந்தை பிடுங்கிப்போனது மட்டும் வரவில்லை.

மீதியிருந்த சபைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சபை வாசலில் அன்று ஒரே ஒரு பாடம்தான் நடத்தினாள். மூன்று தடவை கூப்பிடுவது. ஒவ்வொரு தடவைக்கும் நடுவே நிறுத்திக் கேட்பது. அம்சவல்லி மூன்றாவது கூப்பாட்டில் குரல் உடைந்து அழுதாள். பாடம் அதோடு நின்றது. பாஸ்டர் ஜன்னலருகே வந்து சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனார்.

பிள்ளைகள் போன பிறகு கல்பனா கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அப்பால் பாதை பனியில் மூழ்கியிருந்தது.

"கல்பனா…"

கேட்டதுமே கால் எழுந்துவிட்டது. விடுதிப் பழக்கம். கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கல்பனா…"

சின்னக்குழந்தையின் குரல். தொண்டை இன்னும் சரியாகவில்லை, கரகரத்தது. கல்பனா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த நடுவிடம் எவ்வளவு நீளம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பாறைக்கு அடியில் பாஞ்சாலி மதியம் முழுக்கக் காத்திருந்தது இந்த நடுவிடத்தில்தான்.

"கல்பனா!"

"இங்கதான் இருக்கேங்க்கா."

சின்னக்குழந்தை வேலி ஓரத்துக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. "மாவுக்கட்டு மேல சுத்துன துணி அவுந்துபோச்சு. நான் சுத்துனா நிக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குப் போவணும்னா பஸ்சு நாளைக்குத்தான்."

"வர்றேங்க்கா."

"மன்றத்துக்கு அனுப்புவேன்னு நெனைக்காத. கால் கூடுனாலும் அனுப்ப மாட்டேன்."

"சரிங்க்கா."

"அந்தக் கயுத்துத் துணிய மட்டும் குடுக்க மாட்டேங்குறா. தலகாணிக்கு அடியில வெச்சிக்கினு படுத்துருக்கா." திரும்பி நடக்க ஆரம்பித்தவள் நின்றாள். "நான் பாக்காத மாதிரி இருக்கேன்."

கல்பனா கையிலிருந்த கயிற்றைச் சுருட்டி முடிக்காமலே கீழே வைத்தாள். துணிச்சுருளும் கத்தரியும் இருந்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனாள்.

வாசலில் கருப்பன் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்தார். காலை மடக்கவில்லை. சின்னக்குழந்தை தாண்டி உள்ளே போய்விட்டாள். கல்பனா தாண்டவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து பாஞ்சாலி, "அக்கா வந்தாச்சா? அக்கா வந்தாச்சா?" என்று கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது. கருப்பனுக்கும் விழுந்திருக்கும். அவர் பீடியைப் பற்றவைத்தார். கல்பனா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.